பொதுநல ஆணியில் பத்தொன்பது நாள்

முடிச்சு கைக்கு அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் மண்ணெண்ணெயும் மையும் கசந்தது. சுற்றிக் கட்டியிருந்த நூல் தளர்ந்ததும், தகரத் தட்டில் நின்றிருந்த ஈய எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. ஆண்டு மலரின் முன்னுரை, முதல் பக்கம். எங்கள் மன்றச் செயலாளர் தமிழய்யா திருத்தித் திருத்தி எழுதியது. உள்ளங்கையை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினேன்.

அத்தனை வரியும் மேஜைமேல் கொட்டிச் சிதறியது. சில எழுத்துகள் தரையில் விழுந்து மெஷினுக்கு அடியில் போயின.

மெஷின் மிதிக்கிற ராஜவேலு, கையில் எண்ணெய்க் குப்பியோடு அப்படியே நின்றுவிட்டான்.

“டீச்சர், என்னா பண்றீங்க? தமிழய்யா வந்து பாத்தாருன்னா நம்பள உசுரோட வுட மாட்டாரு.”

“வரட்டும். அவர் வர்றதுக்குள்ள ரெண்டாவது பக்கத்தையும் பிரிச்சுடணும். நீ கீழ விழுந்தத பொறுக்கு.”

மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். வெளியே ரோட்டில் மாசி மகத்துக்கு வரும் கூட்டத்துக்காகப் பந்தல் போட மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவ்வளவு கோபம்.

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்த ஒரு தோழி போன் செய்தாள். “என்னடி, டைப் இன்ஸ்டிடியூட்டு, மொதல் சேலைன்னு ஒரே இனிப்பா எழுதிகிட்டிருக்க? நீ அப்படிப்பட்ட ஆளே இல்லையே!” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இந்த வாரம் இனிப்பு கிடையாது.

மூன்று ஆணி

எண்பதுகளின் கடைசி அது. வருஷம் சரியாக ஞாபகமில்லை. நான் காலையிலும் சாயங்காலமும் விருத்தாசலத்தில் ஒரு டைப் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு நான் அமலா டீச்சர். நடுவில் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் மன்றத்து அச்சகத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது, எனக்கும் கிடையாது.

மன்றம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். புத்தகம் படிக்கிற பத்துப் பதினைந்து பேர். பள்ளிக்கூட வாத்தியார்கள், செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள், ஒரு தபால்காரர். பெண் என்று பார்த்தால் நான் ஒருத்தி. திட்டக்குடியில் மூடிக் கிடந்த ஒரு அச்சகத்திலிருந்து காலால் மிதிக்கிற பழைய ட்ரெடில் மெஷினையும் எழுத்துப் பெட்டிகளையும் செங்கல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு நெல் வியாபாரியின் பழைய கிடங்கில் இறக்கியிருந்தார்கள். ஊர்க்காரர்களின் அச்சு வேலையை ஊர்க்காரர்களே செய்து தருவது, இல்லாதவர்களின் காரியமென்றால் இனாமாகவே செய்து தருவது. இதுதான் நோக்கம். நோக்கத்தைச் சுவரில் நீலச் சாயத்தில் எழுதியும் வைத்திருந்தோம்.

வருகிற வேலைகளை வாங்கி வைத்து, முறை போட்டு, ஆள் பிடித்து, முடித்துக் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. ஏன் என் தலையில் விழுந்தது? மற்றவர்களுக்கெல்லாம் கவிதை எழுதவும் கூட்டத்தில் பேசவும் இருந்தது. வாசலில் வந்து நிற்கிற மனுஷனுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

சுவரில் மூன்று ஆணி அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு அட்டை: அவசரம், சாதாரணம், பொதுநலம். வேலைக்கான காகிதத்தை அந்தந்த ஆணியில் குத்தி மாட்டுவேன். மூன்றில் எது சீக்கிரம் காலியாகும் என்று நினைக்கிறீர்கள்? ஊருக்கு உழைக்க வந்தவர்கள் நடத்துகிற அச்சகம் அது. அங்கே பொதுநல ஆணியில் மாட்டிய காகிதம்தான் மஞ்சள் பூத்து, துரு இறங்கி, ஓரம் சுருண்டு கிடக்கும்.

கல்யாணப் பத்திரிகைகள் அவசர ஆணிக்குப் போகும். அதற்கு வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு குடும்பம் பதினோரு பேராக வந்து இறங்கியது. பெரியப்பா பெயர் மேலா, தாய்மாமன் பெயர் மேலா என்று எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து சண்டை. கடைசியில் இருவர் பெயரையும் ஒரே வரியில் போடச் சொன்னார்கள். வரி கொள்ளவில்லை. “சித்தப்பா பேர எடுத்துட்டா கொள்ளும்” என்று ராஜவேலு யோசனை சொன்னான். அந்தச் சித்தப்பா அவனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவனை நான் பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தேன்.

பிரிப்பதற்கு ஆள் இல்லை

அச்சுக் கோக்கும் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அப்போதெல்லாம் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈயத் துண்டு. பெட்டியின் அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி வரியாக அடுக்கி, பக்கமாக்கி, நூலால் கட்டி, மெஷினில் ஏற்ற வேண்டும். அச்சடித்து முடிந்ததும் அதே எழுத்துகளைக் கழுவி, திரும்பவும் ஒவ்வொன்றாக அதனதன் அறையில் போட வேண்டும். இதற்குப் பிரிப்பது என்று பெயர். பிரித்தால்தான் அடுத்த வேலைக்கு எழுத்து இருக்கும்.

எங்கள் மன்றத்தில் கோக்க எல்லாருக்கும் ஆசை. தன் கவிதையைத் தானே கோத்து, ஈரக் காகிதத்தில் முதல் நகலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அடடா, அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்! மிதிக்கவும் ஆள் வரும். பிரிக்க மட்டும் ஒருத்தர் வரமாட்டார். கட்டின பக்கத்தை அப்படியே அலமாரியில் செருகிவிட்டு, “அமலா பாத்துக்குவாங்க” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டில் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டு எழுந்து போகிற பழக்கத்தை அச்சகத்துக்கும் கொண்டுவந்திருந்தார்கள்.

நான்தான் பிரிப்பேன். ஈர எழுத்துகளை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் படித்துப் படித்து அறைகளில் போடுவேன். டக் டக்கென்று சத்தம் வரும். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும். சாயங்காலம் டைப் கிளாஸில் பிள்ளைகளின் காகிதத்தில் என் கைரேகை பதியும்.

அந்தத் தை மாதம் நான் எவ்வளவு பிரித்தும் பயனில்லாமல் போனது. காரணம் ஆண்டு மலர்.

மலர் பதினாறு பக்கம். மற்ற வேலைக்கும் எழுத்து மிஞ்ச வேண்டுமென்றால் நாலு பக்கம் கோத்து, அடித்து, பிரித்து, அடுத்த நாலு பக்கம் போவதுதான் முறை. செயலாளர் சம்மதிக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். ஊரே தமிழய்யா என்று கூப்பிடும். ஒரு பெரிய மனிதரிடம் வாழ்த்துரை கேட்டுக் கடிதம் போட்டிருந்தார். அது வந்த பிறகு அதற்குத் தகுந்தபடி தன் முன்னுரையைத் திருத்த வேண்டுமாம். முன்னுரையைத் திருத்தினால் மற்ற பக்கங்களும் நகருமாம். அதனால் பதினாறு பக்கத்தையும் கோத்துக் கட்டி வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு வாழ்த்துரைக்காகக் காத்திருந்தோம்.

எழுத்துப் பெட்டியைத் திறந்தால் அறைகள் காலி. ஷ, ஹ, க்ஷ இதெல்லாம் மட்டும் குறையாமல் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அஞ்சலை வந்தாள்

ராஜவேலு ராத்திரி ஷிப்டில் வேலை செய்த அதே செராமிக் பட்டறையில்தான் அஞ்சலையும் இருந்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத மண் பொம்மைகளின் ஓரப் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்து எடுக்கிற வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்து வெடித்திருக்க, சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

“டீச்சர், எந் தம்பியக் காணும். மூணு நாளாச்சு. நோட்டீசு போடணும்.”

தம்பி பெயர் கொளஞ்சி. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு கொளஞ்சி இருப்பார்கள். இவனுக்கு இருபத்தெட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது, எழுதப் படிக்கவும் தெரியாது. அதே பட்டறையில் பொம்மைகளுக்கு வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டி லாரியில் ஏற்றுவான். அம்மா அப்பா இல்லை. அக்காவும் தம்பியும் ஒரே வீடு.

“பெட்டி ஏத்தப் போனவன் வூட்டுக்கு வரல. லாரிக்காரன கேட்டா எனக்குத் தெரியாதுங்கறான். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன் எல்லாம் தேடியாச்சு. அவனால பேரு சொல்ல முடியாது, ஊரு சொல்ல முடியாது. யாரு கையிலயாவது நோட்டீசு இருந்தாத்தான டீச்சர் அவன் இன்னாருன்னு தெரியும்?”

போட்டோ இல்லை. அடையாளம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். இடது முழங்கையில் சூளையில் சுட்ட தழும்பு. நீலக் கட்டம் போட்ட கைலி. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். “தோளத் தொடுங்கன்னு போடுங்க டீச்சர். தொட்டா திரும்பிப் பாத்துச் சிரிப்பான்” என்றாள்.

“நாளன்னிக்கு வாங்க, போட்டுத் தரோம்” என்றேன். காகிதத்தைப் பொதுநல ஆணியில் குத்தினேன். பெட்டியில் எழுத்து இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். வாழ்த்துரை எப்படியும் ஓரிரு நாளில் வந்துவிடும் என்று நம்பினேன்.

நாளைக்கு

ஒருநாள் விட்டு ஒருநாள் அஞ்சலை வந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் தொழிற்பேட்டையிலிருந்து நடையும் ஓட்டமுமாக வருவாள். நான் நாளைக்கு என்பேன். அவள் தலையாட்டிவிட்டு அதே வேகத்தில் திரும்பிப் போவாள். அவள் சாப்பிட்டாளா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

தமிழய்யாவிடம் சொன்னேன். முதல் நான்கு பக்கத்தையாவது அடித்துப் பிரித்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

“ஏம்மா அமலா, ஒரு வருஷ உழைப்பு இது. வாழ்த்துரை இன்னிக்கோ நாளைக்கோ வந்துடும். அவசரப்பட்டா ஆகுமா?” என்றார். பிறகு ஆணியில் இருந்த அஞ்சலையின் காகிதத்தை எடுத்துப் படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினார். ‘காது கேட்காது, பேச்சு வராது’ என்பதை அடித்துவிட்டு ‘செவித்திறனும் மொழித்திறனும் வாய்க்கப்பெறாத இளைஞர்’ என்று எழுதினார். ‘தோளைத் தொட்டால் திரும்பிப் பார்ப்பான்’ என்ற வரியை முழுசாக எடுத்துவிட்டார். நோட்டீசுக்கு அது அழகில்லையாம். திரும்பவும் ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் கல்யாணப் பத்திரிகைகள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன. எப்படி என்கிறீர்களா? கல்யாணப் பத்திரிகைக்கென்று ஒரு பக்கம் எப்போதும் கட்டியே இருக்கும். ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி எல்லாம் தயார். பெயரையும் நாளையும் மண்டபத்தையும் மாற்றினால் போதும். பழைய பெயரின் எழுத்தை எடுத்துப் புதுப் பெயருக்குப் போட்டுவிடுவோம். காணாமல் போனவனுக்கு அப்படிக் கட்டி வைத்த பக்கம் எங்களிடம் இல்லை.

பத்தாவது நாளோ என்னவோ, அஞ்சலை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. நம்ம ஊரு பாலக்கரையில ஒரு பிரஸ்ஸு இருக்குதாமே. அங்க குடுத்துப் பாக்கட்டுமா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுதவே கூசுகிறது. “எதுக்கு? அங்க போனா காசு கேப்பாங்க. இது நம்ம பிரஸ்ஸு. நாங்க இனாமாவே போட்டுத் தரோம். வேற எங்கயும் போகாதீங்க” என்றேன். அக்கறையாகச் சொன்னதாக அப்போது நினைத்தேன். உண்மையில் எனக்கு ரோஷம். சுவரில் அவ்வளவு பெரிதாக நோக்கம் எழுதி வைத்திருக்கிற எங்களை விட்டுவிட்டு ஒருத்தி வேறு அச்சகத்துக்குப் போவதா?

“சரிங்க டீச்சர். நீங்க சொன்னா சரிதான். போயிட்டு வரேன்” என்றாள். அவள் என்னை நம்பினாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். என் இன்ஸ்டிடியூட்டில் எட்டு டைப் மெஷின் இருந்தது, அதில் இரண்டு தமிழ். கார்பன் காகிதம் வைத்து ஒரே அடியில் ஐந்து நகல் எடுக்கலாம். பிள்ளைகளிடம் கொடுத்திருந்தால் ஒரு சாயங்காலத்தில் நூறு நோட்டீசு அடித்துத் தள்ளியிருப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. நோட்டீசு என்றால் அச்சில்தான் வர வேண்டும் என்று மண்டையில் ஏறிப்போயிருந்தது. தமிழய்யாவைத் திட்டுகிற நானும் அதே கூட்டத்தில் ஒருத்திதான்.

பக்கம் கொட்டிய நாள்

மாசி மகத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மகத்தன்று மணிமுத்தாற்றில் சுற்றுவட்டாரமே வந்து நிற்கும். திட்டக்குடி, ஸ்ரீமுஷ்ணம், வேப்பூர் என்று எந்தப் பக்கத்து ஆளும் பாக்கி இருக்காது. அந்தக் கூட்டத்தின் கையில் நோட்டீசு போகாவிட்டால் பிறகு போட்டு என்ன பயன்?

அன்று காலை தபால்காரர் தலையாட்டிக்கொண்டே உள்ளே வந்தார். வாழ்த்துரை வரவில்லை. நான் ஆணியிலிருந்து காகிதத்தை எடுத்தேன். குத்திய ஓட்டையைச் சுற்றித் துரு வட்டம் போட்டிருந்தது. காகிதத்தில் நான் எழுதியிருந்த தேதியை எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது நாள். அப்புறம்தான் பல்லால் முடிச்சைக் கடித்தேன்.

கோபத்தில் முதல் பக்கத்தைக் கொட்டியது முட்டாள்தனம். பொறுக்கி எடுக்கவே ஒரு மணி நேரம் வீணானது. இரண்டாவது பக்கத்தை ஒழுங்காக அவிழ்த்து, தேவையான எழுத்துகளை நேராக அதிலிருந்தே உருவினேன். ‘காணவில்லை’ என்ற தலைப்புக்குப் பெரிய எழுத்து வேண்டும். மலரின் அட்டைக்குக் கட்டி வைத்திருந்ததிலிருந்து பிடுங்கினேன். தமிழய்யா சிவப்பில் எழுதியதை விட்டுவிட்டு, அஞ்சலை சொன்னதைச் சொன்னபடி கோத்தேன். தோளைத் தொடும் வரியும் சேர்ந்தது.

ராஜவேலு மிதிக்க மிதிக்க நான் காகிதம் கொடுத்தேன். நாலு மணிக்குள் ஐநூறு நோட்டீசு அடித்து முடித்தோம். பத்தொன்பது நாள் ஆணியில் தொங்கிய வேலை, பக்கம் பொறுக்கிய நேரத்தையும் சேர்த்து, நாலு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அஞ்சலை வந்து நோட்டீசுக் கட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “நல்லா இருப்பீங்க டீச்சர்” என்றாள். ஈரம் காயாத மை அவள் ரவிக்கையில் ஒட்டியது.

மகத்தன்று நாங்கள் மூன்று பேரும் ஆற்றங்கரையில் நின்று கொடுத்தோம். படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு, சுண்டல் பொட்டலம் கட்டியவர்களும் உண்டு. மறுநாள் மிச்சத்தை எடுத்துக்கொண்டு அஞ்சலையும் ராஜவேலுவும் வேப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். நான் போகவில்லை. என்மேல் நடவடிக்கை எடுக்க அவசரக் கூட்டம் கூட்டியிருந்தார்கள்.

அவசரக் கூட்டம்

பாருங்கள், அவசரம் என்ற சொல் அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

மெஷின் பக்கத்தில் இரண்டு பெஞ்சு போட்டு ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தமிழய்யா எழுந்து படித்தார். மன்றத்தின் உடைமைக்குச் சேதம், செயலாளரின் அனுமதியின்றிச் செயல்பட்டது, ஓராண்டு உழைப்பை ஒரு நொடியில் அழித்தது. அழகான தமிழ். நான் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரிப்பதற்கு ஒருநாளும் வராத ஒன்பது பேரும் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

பாதியில் ராஜவேலு உள்ளே வந்தான். பின்னால் அஞ்சலை. அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக நிலைப்படி தாண்டி உள்ளே வந்தாள். ராஜவேலு யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“வேப்பூர்ல ரோட்டோரம் ஒரு ஓட்டலு டீச்சர். நோட்டீச பாத்த ஒடனே ஓட்டல்காரரு சொல்லிட்டாரு. கொளஞ்சி அங்கதான் இருந்திருக்கான். பொட்டி ஏத்துன லாரியிலயே தூங்கிட்டான் போலருக்குது. லாரிக்காரன் அங்க எறக்கி வுட்டுட்டுப் போயிட்டான். அவுரு சோறு போட்டு வச்சிருந்தாரு. எலை எடுத்தானாம், தண்ணி மொண்டு ஊத்துனானாம்.”

“இப்ப எங்க?” என்று நான் கத்தினேன்.

“போன வாரம் எதோ ஒரு லாரியில ஏறிட்டான். மெட்ராஸ் லாரியா, திருச்சி லாரியான்னு அவுருக்குத் தெரியல.”

நான் விரல் விட்டு எண்ணினேன். பதினைந்து நாள் போல அவன் வேப்பூரில் இருந்திருக்கிறான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாங்கள் வாழ்த்துரைக்காகக் காத்திருந்தபோது அவன் அங்கே இலை எடுத்துக்கொண்டிருந்தான். ஓட்டல்காரர் அஞ்சலையிடம் கேட்டாராம்: “இந்த நோட்டீச ரெண்டு வாரம் முன்னாடி குடுத்திருக்கக் கூடாதாம்மா? நானே கையப் புடிச்சிக் கூட்டியாந்து வுட்டிருப்பேனே.”

தமிழய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரொம்ப வருத்தமா இருக்குதும்மா. இந்தச் சம்பவத்தை மலர்ல ஒரு பக்கம் உருக்கமா எழுதிச் சேர்த்துடலாம்” என்றார்.

என்னால் அதற்குமேல் வாயைக் கட்டி வைக்க முடியவில்லை. “அய்யா, அதைக் கோக்கறதுக்கும் எழுத்து இல்ல. உங்க முன்னுரையில கொஞ்சம் இன்னும் மெஷினுக்கு அடியில கெடக்குது, பொறுக்கிக்குங்க” என்றேன். இன்னும் நிறையப் பேசினேன். மூத்தவர்களிடம் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

அஞ்சலை எங்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. அழவும் இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் என்னிடம் வந்தாள்.

“டீச்சர், ஒரு பேப்பர் எடுங்க. பிராது எழுதணும்.”

எங்கள் ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அநியாயம் நடந்தவர்கள் அதைக் காகிதத்தில் மனுவாக எழுதி, யார் மேல் புகார் என்று பெயரும் போட்டு, அங்கே கட்டிவிட்டு வருவார்கள். அதுதான் பிராது. சாமி விசாரித்து நியாயம் செய்யும் என்பது நம்பிக்கை. நியாயம் கிடைத்துவிட்டால் மறுபடி போய், பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆனாலும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குப் பிராது என்றால் என்னவென்று தெரியும்.

லாரிக்காரன் மேல் எழுதப் போகிறாள் என்று நினைத்தேன். பேனாவை எடுத்துக்கொண்டு, “யார் மேல எழுதணும்?” என்று கேட்டேன்.

“உங்க மேலதான் டீச்சர்.”

குரலில் கோபம் இல்லை. வழி கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

“எனக்கு எழுதத் தெரியாது. வேற ஆருகிட்ட போவேன்? உங்க பேர மொதல்ல போடுங்க. வேற எங்கயும் போவாதன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்பறம் அந்த அய்யா பேரு.”

தமிழய்யா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராஜவேலு அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

என் பெயரை எழுதினேன். அப்பா பெயர், தெரு, எல்லாம் எழுதினேன். தமிழய்யா பெயரை எழுதினேன். “என்ன தண்டனை கேக்கணும்னு எழுதட்டும்?” என்றேன்.

“அதெல்லாம் அப்பனுக்குத் தெரியும். நடந்தத மட்டும் எழுதுங்க.”

நடந்ததை எழுதினேன். எந்த நாள் அவள் வந்தாள், எத்தனை முறை நாளைக்கு என்றேன், பாலக்கரைக்குப் போகிறேன் என்றவளை எப்படித் தடுத்தேன், வேப்பூரில் எத்தனை நாள் அவன் இருந்தான். ஒன்றையும் விடவில்லை. முழுசாகப் படித்துக் காட்டினேன். சரி என்று தலையாட்டினாள். மெஷினின் மைத்தட்டில் பெருவிரலைத் தொட்டு, நான் எழுதியதற்குக் கீழே அழுத்தி ஊன்றினாள். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு மணவாளநல்லூருக்கு நடந்தாள்.

நான் அடுத்த வாரமே அச்சகத்தை விட்டு நின்றேன். இரண்டு வருஷம் கழித்து அந்த மெஷினையும் யாரோ வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி. அஞ்சலையை அதற்குப் பிறகும் பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரி வாசலில் என்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தால் சிரிப்பாள். “நல்லா இருக்கீங்களா டீச்சர்?” என்பாள். நான் ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பேன். ராஜினாமா எழுதித் தரச் சொல்லி அவள் இன்றுவரை என்னிடம் வரவில்லை.